கூடத்தைப் பார்க்க வந்தவர்கள்

அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தால் "அதுக்கின்னா, ஆவட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். எதைக் கேட்டாலும் அப்படிச் சொல்கிற மனிதரிடம் சம்மதம் வாங்குவதில் அர்த்தம் இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

பிள்ளைகளே, போன மாதம் பழவேற்காட்டுக்குப் போயிருந்தோம் இல்லையா? நாம் முன்னே குடியிருந்த சந்தின் முனையில், சுவரில் அழிந்தும் அழியாமலும் ஒரு மஞ்சள் அம்பு இருந்தது. இது எங்கே போகிறது என்று சின்னவள் கேட்டாள். ஒரு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அந்த வீட்டில் இருந்தவரைப் பற்றித்தான் இது.

நானும் அவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பி ஆலையில் வேலை பார்த்தோம். காலையில் பொன்னேரி வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நல்ல உயரம். ஆனால் உயரத்தைக் காட்டாமல் தோளைக் குறுக்கிக்கொண்டே நிற்பார், யாருக்கோ வழி விடுகிற மாதிரி. காய்ச்சிய இரும்பின் பொறி தெறித்து இரண்டு முழங்கையிலும் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து, யாராவது பக்கத்தில் வந்து நின்றதும் எழுந்துவிடுவார். வயசானவரா, சின்னப் பையனா என்று பார்க்கமாட்டார். பக்கத்தில் வந்து நின்றாலே போதும்.

ஆலையில் எல்லோரும் தங்கள் நைட் ஷிப்டை அவர் தலையில் கட்டுவார்கள். மச்சினிக்குக் கல்யாணம், பையனுக்குக் காய்ச்சல், சும்மா தூக்கம் வருகிறது என்று எதையாவது சொல்லிக் கேட்பார்கள். ஒருமுறை இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே நாளைக்கு அவரிடம் கேட்டுவிட்டார்கள். அவர் இரண்டு பேருக்கும் ஆவட்டும் என்றார். சாயங்கால ஷிப்டில் ஒருவனுக்குப் பதிலாக நின்று, வீட்டுக்குப் போகாமலே நைட் ஷிப்டில் அடுத்தவனுக்குப் பதிலாகவும் நின்றார். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"இன்னாயா, ஒரே ஆளு ரெண்டு ஆளுக்கு நிக்கிற. உனுக்கு மண்டைல ஏதனா கீதா?"

"ரெண்டு பேரும் கேட்டாங்க சார்."

"கேட்டா?"

அவர் கேள்வியே புரியாதவர் மாதிரி நின்றார்.

"அவராண்ட பாத்து கேளுங்கபா, தோலைக் கேட்டா கூட கழட்டி மடிச்சி குடுத்துடுவாரு" என்று கேலி பேசுவார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சிரிப்பார்.

ஒரு தடவை முடி வெட்டிக்கொள்ளப் போனார். கடைக்காரர் மீசையைக் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆவட்டும். இன்னும் கொஞ்சம்? ஆவட்டும். கேட்கக் கேட்க ஆவட்டும் சொல்லி, மீசையே இல்லாமல் வீட்டுக்கு வந்து நின்றார். அவர் மனைவி வாசலிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் சிரித்தாள்.

"நல்ல வேள, அந்தாளு காதைக் கேக்கல" என்றாள்.

அந்த அக்கா அப்படித்தான். வாய் சும்மா இருக்காது. அவருக்குச் சேர்த்து அவளே பேசிவிடுவாள். மீன்காரி ஏமாற்றினால் சண்டைக்குப் போவது அவள். பஸ்ஸில் சில்லறைக்காகக் கத்துவது அவள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உங்களில் பெரியவளுக்கு முதன்முதலில் மருதாணி வைத்துவிட்டது அந்த அக்காதான். உனக்கு நினைவு இருக்காது.

அவரைத் தங்கமானவர் என்று ஊரே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்களிடம் சரியாகச் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறேன். அதைப் பயம் என்று சொல்ல முடியாது. காய்ச்சின இரும்புக்கு எதிரில் நிற்கிறவர். அன்பு என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. முன்பின் தெரியாதவனிடமும் அப்படித்தான், பிடிக்காதவனிடமும் அப்படித்தான். வேண்டாம் என்கிற சொல் அவரிடம் இல்லை. சிலருக்கு விசில் அடிக்க வராது இல்லையா, அந்த மாதிரி.

அவர்கள் இருந்த வீடு சொந்த வீடு இல்லை. சென்னையில் மண்ணடிக்கு வியாபாரத்துக்குப் போய்விட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பழைய வீடு. பூட்டிப்போட்டால் பாழாகும் என்று, பார்த்துக்கொள்ளச் சொல்லி இவர்களைக் குடிவைத்திருந்தார்கள். பின்பக்கம் முக்கால்வாசி இடிந்து, அங்கே சிமெண்டு ஓட்டுக்குக் கீழே சமையல். முன்பக்கம் மட்டும் ஒரு பெரிய கூடம். இரண்டு ஆள் கை கோத்தாலும் அணைக்க முடியாத தூண், ஆள் உயர ஜன்னல், மேலே பர்மா தேக்கு உத்தரங்கள். ஜன்னல் வழியாக ஏரிக்காற்று வரும்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்துபோன பிறகு, வெளியாட்கள் நிறையப் பேர் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். அரிசி கொண்டுவந்தார்கள், தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் சிலர் எங்கள் ஊர்ப் பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்து நடைவழி போட்டது. பழைய காலத்து இடங்களை எல்லாம் ஒரு சுற்றாக நடந்து பார்க்கிற வழி. கோட்டை இருந்த மேடு, மண்டையோடு செதுக்கின வாசல் இருக்கிற டச்சுக் கல்லறை, பழைய பள்ளிவாசல், படகுத்துறை, பிறகு எங்கள் சந்து. வழி தெரிவதற்குச் சுவர்களில் மஞ்சள் அம்பு போட்டார்கள். அவர் இருந்த வீட்டு வாசலில் கையகலத்துக்கு ஒரு தகரப் பலகை அடித்தார்கள். அடிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அடித்தார்கள். அவர்தான் சுத்தியல் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமரா. கைத்தறிச் சேலை கட்டின ஒரு மேடம் முன்னால் வருவார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதை நான் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "அண்ணா, வரலாமா?" என்று கேட்பார் அந்த மேடம். ஒருநாளும் கேட்காமல் காலை வைத்ததில்லை. இல்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போயிருப்பார்கள்.

"வாங்க, வாங்க" என்பார் இவர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தாலும் எழுந்து, பாயைச் சுருட்டி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சொல்வார். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்ப்பார்கள். உத்தரம் மேலேதான் இருந்தது.

ஆரம்பத்தில் அக்காவுக்கு இது பிடித்திருந்தது. தண்ணீர் கொடுப்பாள், கதை விடுவாள். "இந்த ஜன்னல்ல தான் வெள்ளைக்காரி ஒருத்தி நின்னுகினு கப்பல் வருதான்னு பாத்துனே இருப்பா" என்று ஒருநாள் அளந்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து அந்த மேடமே வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்கா உள்ளே போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு அவளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். பின்னால் சமையல் பக்கம் வெக்கை தாங்காது, படுக்க இடமும் இல்லை. அதனால் கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டு அவளைப் படுக்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்களும் வந்தார்கள். அவர் வாங்க என்றார்.

வந்தவர்கள் அவளைப் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு மேலே பார்த்தார்கள். சங்கடத்தில் இன்னும் அதிக நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னாள். "நானும் அந்தக் காலத்து சாமான்னு நெனச்சிக்கினாங்க போல கீது தம்பி. எனுக்கும் ஒரு போர்டு அடிச்சிட சொல்லு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு பழைய புடவையைக் கயிற்றில் போட்டுக் கட்டிலைச் சுற்றித் திரை கட்டினார். திரைக்கு உள்ளே அவள், வெளியே அவர்கள். உடம்பு துடைக்கிற நேரம், மூத்திரப் பாத்திரம் வைக்கிற நேரம் என்று அவளுக்கும் ஒரு காலை நேரம் இருக்கிறது இல்லையா? அதெல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால், மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கும். உங்கள் அம்மாதான் போய் உதவி செய்வாள்.

ஒருநாள் நான் இருக்கும்போதே அக்கா அவரிடம் கேட்டாள்.

"யோவ், ஒரு தபா. ஒரே ஒரு தபா வேணாம்னு சொல்லு. இந்த ரூம்புக்குள்ள வராதீங்க, என் பொண்டாட்டி கீறான்னு சொல்லு."

"ஆவட்டும்மே" என்றார் அவர்.

நான் சொல்லிவிடுகிறேன் அக்கா என்றேன். எனக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

"நீ சொல்லாத தம்பி. நீ சொன்னா அவங்க வராம இருப்பாங்க, எனுக்குத் தெரியும். எனுக்கு அது போதாது. அவரு வாயால வரணும். எல்லாருக்கும் சரி சொல்றாரு, எனுக்கும் சரி சொல்றாரு. அப்ப நா அவருக்கு இன்னா? அத்த தெரிஞ்சிக்கணும்."

வீட்டு முதலாளிக்குப் பயந்துதான் சொல்லாமல் இருக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெருநாளுக்கு முதலாளி ஊருக்கு வந்தபோது பள்ளிவாசல் பக்கம் பார்த்துக் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். "நா ஒண்ணும் காட்ட சொல்லலையே தம்பி. நோவாளிய வெச்சிக்கினு எதுக்கு? கதவ சாத்திக்க சொல்லுங்க" என்றார். ஓடிப்போய் இவரிடம் சொன்னேன்.

"அப்டியா சொன்னாரு? ஆவட்டும் தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்துதான் இருந்தது.

அக்கா விடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பாடம் எடுத்தாள். என்னை வாசலுக்கு வெளியே போகச் சொன்னாள். நான்தான் வந்திருக்கிற ஆள். அவர் கதவுக்குள் நிற்க வேண்டும்.

"சார், வீட்டைப் பார்க்கலாமா?" என்றேன்.

"வாங்க" என்றார்.

உள்ளேயிருந்து அக்கா, "யோவ், அவன் நம்ம தம்பிய்யா. அவங்கிட்டயே வரலைன்னா யாராண்ட வரப்போவுது? திருப்பி சொல்லு" என்றாள்.

நான் மறுபடியும் வெளியே போய் வந்து கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். "இல்ல சார், இன்னிக்கு..." என்றார். பிறகு ஒதுங்கி வழி விட்டார். "வந்தது வந்துட்டீங்க, ஒரு நிமிஷம் பாத்துட்டு போங்க."

அக்கா கட்டிலில் படுத்தபடியே சிரித்தாள். இழுத்துக்கொண்ட பக்கம் வாய் அசையாமல், மறுபக்கம் மட்டும் சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் டீ போட்டுக் குடித்தோம். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்ததில் கடைசித் தடவை, "உள்ள உடம்பு சரியில்லாதவங்க கீறாங்க" என்கிற வரைக்கும் வந்துவிட்டார். வேண்டாம் என்று வரவில்லை. "இது போதும், புரிஞ்சிக்குவாங்க" என்றாள் அக்கா.

மறுநாள் அவர் அதை அப்படியே சொன்னார். நான் என் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் முகம் மாறிவிட்டது. "அய்யோ, அப்படியா அண்ணா? அப்போ நாங்க சத்தமே போடாம பார்த்துட்டுப் போயிடறோம்" என்றார்.

"ஆவட்டும்" என்றார் இவர்.

அன்றைக்கு அவர்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விரல் நுனியில் நடந்தார்கள். அக்காவுக்கு அது முன்னைவிட மோசமாக இருந்தது. "செத்த ஊட்ல பேசற மாதிரி பேசறாங்க தம்பி" என்றாள்.

ரயிலில் ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். ஏன் அண்ணே, ஒரு வார்த்தைதானே? அக்கா இவ்வளவு கேட்கிறாளே?

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருது தம்பி. இங்க வரிக்கும் வருது." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அப்பறம் காணாம பூடுது."

"அக்கா மேல உங்களுக்குப் பிரியம் இல்லையா?"

"இன்னா தம்பி இப்டி கேக்கிற" என்றார். இறங்கும்போது என் சாப்பாட்டுப் பையையும் அவரே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்ததும் வெந்நீர் வைத்து அவள் முதுகைத் துடைப்பார். புண் வராமல் பவுடர் போடுவார். தலை வாரிப் பின்னுவார். நாஷ்டாவைப் பிசைந்து ஊட்டுவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவள் கேட்டதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய கேமரா வைத்திருந்த ஒருவர் வந்திருந்தார். மூலையில் நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு இவரிடம் வந்து, "சார், உத்தரம் முழுசா வரமாட்டேங்குது. இந்தத் துணியைக் கொஞ்சம் விலக்கலாமா? ஒரே செகண்ட்" என்று கேட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன். அக்காவுக்குக் கஞ்சி கொண்டுவந்த தூக்கு என் கையில் இருந்தது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரை விலகியது.

அக்கா அப்போது பாதிப் புடவையில் இருந்தாள். கை ஒன்றுதான் வேலை செய்யும். அந்தக் கையால் முந்தானையைத் தேடினாள், கிடைக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேமராக்காரர் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவே இல்லை. படம் எடுத்ததும் நன்றி சொன்னார். இவர் திரையைப் பழையபடி இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பாள், திருப்பினால் திரும்புவாள். பேச மாட்டாள். என்னிடமும் உங்கள் அம்மாவிடமும் மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை.

"இனிமே கேக்க மாட்டேன் தம்பி. கேட்டா ஆவட்டும்பாரு. அந்த வார்த்த காதுல வுழுந்தாலே பயமா கீது" என்றாள்.

அவள் பேசாததைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வந்தார். கேட்டவனுக்கெல்லாம் நைட் ஷிப்ட் நின்றார். ஆனால் ரயிலில் சில நாள் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் வராது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அக்கா இறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில். அவர் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து திரையை விலக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு எங்கள் கதவைத் தட்டினார். "தம்பி, அக்கா எழுந்திருக்கல" என்றார். அவ்வளவுதான்.

கட்டிலை எடுத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் அவளைக் கிடத்தினோம். தலைமாட்டில் விளக்கு ஏற்றினாள் உங்கள் அம்மா. ஆரம்பாக்கத்தில் இருக்கிற அக்காவின் தம்பிக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மேளக்காரர்கள் வரவில்லை, பந்தல் போடவில்லை. தெருவில் இருந்து பார்த்தால் சாவு வீடு என்று தெரியாது. அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. யாராவது உள்ளே போக வந்தால் நகர்ந்து இடம் விட்டார்.

இன்றைக்கு என்ன கிழமை என்பது எனக்கு உறைத்தபோது, சந்து முனையில் தொப்பிகள் தெரிந்துவிட்டன.

நான் எழுந்தேன். ஓடிப்போய் முனையிலேயே நிறுத்தியிருக்கலாம், அது நாலு எட்டு. அப்போது அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, அவர் வாயால் வரவேண்டும் என்று. அவள் உயிரோடு இருக்கும்போது கேட்டது அது. ஆனாலும் அவள் இன்னும் அந்தக் கூடத்தில்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

மேடம் பின்னால் திரும்பி மற்றவர்களுக்கு எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். வாசலுக்கு வந்ததும் இவர் பக்கம் திரும்பி, எப்போதும் போலச் சிரித்த முகத்தோடு, "அண்ணா, வரலாமா?" என்றார்.

சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். வருகிறவர்கள் தாமாக வருவார்கள், போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். அங்கே அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். வழக்கமே அவருக்காக வேண்டாம் என்று சொல்லியிருக்கும். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்தார். வாசலை விட்டு ஒதுங்கி நின்றார்.

"வாங்க" என்றார்.

"அடப்பாவி, சாவு ஊட்ல ஆரனா வாங்கன்னு கூப்புடுவாங்களா? இன்னொரு சாவையில்ல கூப்புடறான்" என்றாள் ஒரு கிழவி. மற்றவர்கள் அவளை அடக்கினார்கள்.

வெளிச்சத்தில் இருந்து உள்ளே வந்தவர்களுக்குக் கண் தெரியவில்லை. பழக்கத்தில் இரண்டு பேர் மேலே பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள். யாரோ ஒருவர் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சத்தம் வராமல் மூடினார்.

"அண்ணா, இவங்க..." என்றார் மேடம்.

"ஊட்ல" என்றார் அவர். மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"ஏன்ணா எங்ககிட்ட சொல்லல?"

அவர் அந்த மேடத்தையே பார்த்தார். அன்றைக்கு ஆலையில் சூப்பர்வைசர் கேட்டபோது நின்ற மாதிரியேதான் நின்றார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தோ தெரியாமலோ அதைச் சரியாகச் செய்தார்கள். மேடம் மட்டும் போகவில்லை. பெண்களோடு தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஆரம்பாக்கத்து ஆட்கள் வந்தார்கள். அக்காவின் தம்பி பிறந்த வீட்டுப் புடவை கொண்டுவந்து போர்த்தினான். மேளம் வந்தது. பாடை கட்டினார்கள். அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேட்டி மாற்றினார்கள். கையைத் தூக்கு என்றால் தூக்கினார், உட்கார் என்றால் உட்கார்ந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள்.

மேளம் நின்றது. நாங்கள் நாலு பேர் குனிந்து கை வைத்தோம். நான் கால்மாட்டில் இருந்தேன். அக்காவின் தம்பி அவரிடம் போய், முறைக்குக் கேட்டான். யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது.

"மாமா, நேரமாவுது. எடுத்துடலாமா?"

"வேணாம்" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டும் சொல்லவில்லை. மச்சானின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அப்டித்தான் மாமா இருக்கும். இன்னா பண்றது" என்றான் அவன். அவர் தோளைத் தட்டினான். எந்தச் சாவு வீட்டிலும் இப்படி யாராவது ஒருவர் சொல்வதுதான். கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பார்கள், பிரித்துவிடுவார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். "புடிங்கபா" என்றான்.

அவர் இன்னொரு தடவை சொல்வாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

மற்ற மூன்று பேரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். நாள்பட்டுப் படுத்திருந்த உடம்பு, கனமே இல்லை. வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. யாரோ நெருப்புச் சட்டியை அவர் முன்னால் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார்.